நீர் வடியும் மூலை

"அசையாதீங்கக்கா" என்று ரெஜினால்ட் இரண்டாம் முறையாகச் சொன்னான். நான் எங்கே அசைந்தேன், கல்லு மாதிரிதானே உட்கார்ந்திருக்கிறேன் என்று கேட்கச் சுலைகாவுக்கு நாக்கு துறுதுறுத்தது. ஆனால் வாயைத் திறந்தால் மோவாய் அசையும், மோவாய் அசைந்தால் கண் அசையும், கண் அசைந்தால் படம் போச்சு. மோவாயைத் தகட்டில் வைத்து, நெற்றியைப் பட்டையில் அழுத்தி, இருட்டுக்குள் மினுங்கிய பச்சைப் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் புள்ளியை அங்கே பொருத்தியவளே அவள்தான். இரண்டு மழைக்காலமாக இந்தக் கருவிக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்து லென்ஸ்களைத் துடைத்து, திருகாணிகளை முடியளவு முடியளவாகத் திருகியவளுக்கு, நோயாளி உட்காருகிற பக்கத்திலிருந்து உலகம் எப்படித் தெரியும் என்று ஒரு நாளும் யோசிக்கத் தோன்றியதில்லை. ஒன்றுமே தெரியாது, அதுதான் விஷயம். திரை அந்தப் பக்கம். புரோகிராம் எழுதிய ரெஜினால்டும், கண் டாக்டர் கோமதிநாயகமும் அந்தப் பக்கம். அவள் கண்ணுக்குள் நடப்பதை அவர்கள் இரண்டு பேரும் பார்ப்பார்கள், அவள் மட்டும் பார்க்க முடியாது. என்ன அநியாயம் இது! கல்யாண வீட்டில் சமைத்தவளை மட்டும் சாப்பிடக் கூப்பிடாத மாதிரி. சிரிப்பு வந்தது. சிரிக்கவும் கூடாது. நெஞ்சு திம்திம்மென்று அடித்துக்கொண்டது. அடிக்கட்டும், நன்றாகவே அடிக்கட்டும், அந்த அடிதானே வேண்டும், அதைப் பிடிக்கத்தானே இவ்வளவு பாடும். இந்தக் கருவி இதுவரைக்கும் பிளாஸ்டிக் சவ்வைப் பார்த்திருக்கிறது, ஆட்டுக்கண்ணைப் பார்த்திருக்கிறது, உயிரோடு இருக்கிற மனுஷக் கண்ணைப் பார்த்ததில்லை. அனுமதியெல்லாம் வந்து சேர்ந்ததும், முதலில் யார் உட்காருவது என்று பேச்சு எழுந்தபோது "நான்தான்" என்று அவள் சொன்ன வேகத்தைப் பார்த்து டாக்டர் சிரித்துவிட்டார். "பஸ்ஸுல ஜன்னல் சீட்டுக்கு ஓடுற மாதிரி ஓடாதீங்கம்மா, யாரும் போட்டிக்கு வரலை" என்றார்.

ஆட்டுக்கண் என்றதும் உம்மா ஞாபகம் வந்துவிட்டது. கறிக்கடையில் சொல்லி வைத்து வாங்கிய கண்களை டிபன் டப்பாவில் போட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்திருந்தாள், மறுநாள் ஆய்வறைக்குக் கொண்டுபோவதற்கு. உம்மா நெய் என்று நினைத்துத் திறந்துவிட்டாள். போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரர்களெல்லாம் கூடிவிட்டார்கள். இது வாப்பாவுக்காகத்தான் உம்மா என்று சொன்னபிறகுதான் அடங்கினாள், அடங்கி, அந்த டப்பாவை அவளே துணியில் சுற்றிப் பையில் வைத்துக் கொடுத்தாள். கண்ணுக்குள்ளே என்னடி தண்ணி, அழுகிற தண்ணியா? இல்லை உம்மா, அது வேறு, வெளியே வருவது. இது உள்ளே ஊறுகிற தண்ணீர், கண்ணாடி மாதிரித் தெளிவாக இருக்கும். கருவிழிக்குப் பின்னால் ஊறி, கண்பாப்பா வழியாக முன்னால் வந்து, கருவிழியும் வெள்ளையும் சேருகிற மூலையில் சுற்றிவர ஒரு சல்லடை மாதிரி இருக்கிறதே, அது வழியாக வடிந்து ரத்தத்தில் போய்ச் சேரும். ஊறுவதும் வடிவதும் ஒரே அளவாக இருந்தால் கண் நன்றாக இருக்கும். சல்லடை விறைத்துப்போனால் தண்ணீர் வெளியே போகாது, உள்ளே அழுத்தம் ஏறும், ஏறி ஏறிப் பின்னால் இருக்கிற நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாகடிக்கும். வலிக்காதா? பெரும்பாலும் வலிக்காது உம்மா. அதுதான் கொடுமை. வலித்திருந்தால் வாப்பா அன்றைக்கே டாக்டரிடம் போயிருப்பார்.

"கொஞ்சம் மேலே பாருங்க. புள்ளிய நகத்துறேன். ம், அதுதான். இமைச்சுக்கோங்க. இப்ப இமைக்காதீங்க" என்றான் ரெஜினால்ட். பச்சைப் புள்ளி மேலே ஏறியது, கண்ணும் கூடவே ஏறியது. மேலே பார்த்தால்தான் கீழ்மூலை தெரியும். கருவிக்குள் விசிறி உறுமியது. வெளியே நடைக்கூடத்தில் ஒலிபெருக்கி யாரையோ பேர் சொல்லி அழைத்தது, அழைத்த பேர் சரியாகக் கேட்கவில்லை, வாப்பா பேரோ? இல்லை, வாப்பா பேர் இவ்வளவு நீளம் இல்லை. அவர் வெளியே பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறார். உன் மெஷின் ஓடுற அன்னைக்கு நான் அங்க இருக்கணும் புள்ள என்று அடம்பிடித்துக் காயல்பட்டினத்திலிருந்து பாளையங்கோட்டைவரை பஸ்ஸில் அவள் கையைப் பிடித்துக்கொண்டே வந்தார். வந்து உட்கார்ந்ததும் பக்கத்தில் இருந்தவரிடம், முகம் தெரியாமலே, "எம்மவதான் இந்த மெஷினைப் பண்ணியிருக்கா" என்று ஆரம்பித்துவிட்டார். அவள் பாதியில் எழுந்து வந்தாள். பண்ணிவிட்டாள்தான், ஓடுமா? கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் ஒன்று இப்போது அவள் கண்மூலைக்குள் போய்க்கொண்டிருக்கிறது. போய், மோதி, திரும்பி வருகிறது. இதயம் ஒவ்வொரு தடவை அடிக்கும்போதும் உள்ளே இருக்கிற தண்ணீர் அந்தச் சல்லடையை இம்மியளவு தள்ளும். உயிருள்ள சல்லடை தள்ளினால் ஆடும், விறைத்தது ஆடாது. ஆடினால் திரும்பி வருகிற வெளிச்சத்தில் ஒரு வித்தியாசம் இருக்கும். அவ்வளவுதான். கேட்க எவ்வளவு சுலபமாக இருக்கிறது! தலைமுடியின் கனத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இருக்காது அந்த ஆட்டம். லாரி ஒன்று தெருவில் போனாலே தொலைந்துவிடும். எத்தனை நாள் லாரியின் அதிர்வைப் பார்த்து உற்சாகப்பட்டிருக்கிறார்கள், கிடைத்துவிட்டது கிடைத்துவிட்டது என்று! ஆடுதா? இப்போது ஆடுதா? ரெஜினால்ட் பேசவில்லை. டாக்டரும் பேசவில்லை. ஆடாவிட்டால் இந்நேரம் ரெஜினால்ட் உச் கொட்டியிருப்பானே, அவன் உச் கொட்டுவது மாடிப்படிவரை கேட்குமே. அப்படியென்றால் ஆடுகிறதா? ஆடினால் கத்தியிருப்பானே.

"ஐயோ" என்றான் ரெஜினால்ட், மிக மெதுவாக. அதற்குப்பிறகு ஒன்றும் இல்லை. நாற்காலி பின்னால் நகர்கிற சத்தம், செருப்புச் சத்தம், கதவு திறந்து மூடியது. டாக்டர் வெளியே போய்விட்டார். ஐயோவா? எந்த ஐயோ? ஐயோவில் நூறு ஐயோ உண்டு. பால் பொங்கினால் ஒரு ஐயோ, பரீட்சையில் பாஸாகிவிட்டால் ஒரு ஐயோ, சாவு விழுந்த மையத்து வீட்டில் ஒரு ஐயோ. இது எது? டாக்டர் ஏன் போனார்? ஒரு வார்த்தை சொல்லாமல் போகிற மனுஷர் இல்லையே. கேட்டுவிடலாம், ஆனால் படம் இன்னும் ஓடுகிறது, விசிறி உறுமல் நிற்கவில்லை, கேட்டால் கெட்டுவிடும். பச்சைப் புள்ளி இரண்டாகப் பிரிந்து மறுபடி ஒன்றானது. கண் எரிந்தது. இது பரம்பரையாக வருகிற வியாதி. அப்பாவுக்கு இருந்தால் பிள்ளைக்கு வர வாய்ப்பு அதிகம், அவளே எத்தனை கூட்டத்தில் நின்று சொல்லியிருக்கிறாள், ஏதோ வேறு யாரோ வீட்டுச் சமாச்சாரம் மாதிரி. வருஷாவருஷம் அழுத்தம் பார்க்கிறாள். போன தடவை கொஞ்சம் மேலேதான் இருந்தது, பரவாயில்லை பார்த்துக்கொள்வோம் என்றார்கள். பார்த்துக்கொள்வோம் என்றால்? வாப்பாவுக்கும் அப்படித்தான் ஆரம்பித்திருக்குமோ? யாருக்குத் தெரியும், அவர் பார்த்ததே இல்லையே. அவருக்கு ரத்தினக்கல் வியாபாரம். நீலக்கல்லை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, லென்ஸைக் கண்ணில் இடுக்கி, அதற்குள் ஓடுகிற முடி மாதிரிக் கீறலை ஒரு மூச்சில் சொல்லிவிடுவார். கொழும்புவரை போய் வாங்குகிறவர்கள்கூட அவரிடம் ஒரு தடவை காட்டிக்கொண்டு போவார்கள். கல்லுக்குள் இருந்த கீறல் தெரிந்தது, பக்கத்தில் வந்து நின்ற ஆள் தெரியவில்லை. நடுவில் பார்வை கூர்மையாக இருக்க, ஓரமெல்லாம் உதிர்ந்துகொண்டே வந்திருக்கிறது. ஒரு கண் விட்டதை இன்னொரு கண் பார்த்துக்கொண்டது. டம்ளரைத் தட்டிவிட்டார், கதவு நிலையில் இடித்துக்கொண்டார், தம்பி மகனின் விரலை மிதித்தார், வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். பிறகு ஒரு நாள் கடைத்தெருவில் இடது பக்கமாக வந்த சைக்கிளில் மோதி விழுந்து, அதற்குப் பிறகுதான் இதே டாக்டரிடம் கூட்டி வந்தார்கள். போனது போனதுதான், இருக்கிறதைக் காப்பாத்துவோம் என்று அவர் சொன்னபோது, தண்ணி எந்த இடத்துல சார் அடைச்சிருக்கு என்று அவள் கேட்டாள். சென்னையில் ஒரு கம்பெனியில் கண்ணாடியிழைக் கேபிளுக்குள் வெளிச்சத்தை அனுப்பி எங்கே பழுது என்று கண்டுபிடிக்கிற வேலையில் இருந்தாள் அப்போது, எங்கே பழுது என்றுதான் கேட்கத் தெரியும். அவர் அவளை ஒரு மாதிரிப் பார்த்தார். "உயிரோட இருக்கிற கண்ணுல அதை எப்படிம்மா பார்க்கிறது? என்னால பார்க்க முடியாதே" என்றார். அந்தப் பதில் அவளைத் தூங்கவிடவில்லை. பார்க்க முடியாதே, பார்க்க முடியாதே என்று சென்னைக்குப் போகிற ரயில் முழுக்க அதே தாளத்தில் ஓடியது. அதற்குப் பிறகு இடது கண்ணில் ஆபரேஷன் நடந்தது. சல்லடையில் ஒரு பக்கம் திறந்துவிட்டார்கள், மூக்குப் பக்கம், கைக்கு வாட்டமான இடம் அதுதான், எல்லோரும் திறப்பதும் அங்கேதான். அழுத்தம் இறங்கவில்லை. திறந்த கதவுக்குப் பின்னால் சுவர் இருந்தால் திறந்து என்ன பிரயோஜனம்? அந்தக் கண் போய்விட்டது. வலது கண்ணில் சாவித்துவாரம் அளவுக்கு மிச்சம் இருக்கிறது. அதற்குள் அவர் கல்லைப் பார்க்கிறார், அவள் முகத்தைத் துண்டு துண்டாகப் பார்க்கிறார். மருந்துக்கு அழுத்தம் இனி அடங்காது, அடுத்த மாதம் ஆபரேஷன் வைத்தே தீர வேண்டும். எங்கே திறப்பது? எங்கே? டாக்டர் ஏன் இன்னும் வரவில்லை?

கதவு திறந்தது. "எங்க வெச்சேன்னு ஓ.பி. முழுக்கத் தேடிட்டேன், சட்டைப் பையிலேயே இருக்கு" என்று சொல்லிக்கொண்டே டாக்டர் கோமதிநாயகம் உள்ளே வந்தார். "ரெஜி, அதைத் திரும்ப ஓட்டுப்பா. இப்பதான் கண்ணாடி போட்டிருக்கேன்."

கண்ணாடி! கண் டாக்டர் மூக்குக்கண்ணாடியைத் தேடப் போயிருக்கிறார்! அதற்குள் தனக்கு வியாதியும் வந்து, முற்றி, யார் கையையோ பிடித்துக்கொண்டு பஸ் ஏறுகிறவரைக்கும் அவள் நினைப்பிலேயே போய்விட்டிருந்தாள். விசிறி நின்றது. அவள் மோவாயை எடுத்தாள், நெற்றிப் பட்டை தோலில் ஒட்டிக்கொண்டு வந்தது, கண்ணில் நீர் முட்டி எல்லாம் கலங்கலாகத் தெரிந்தது. "யாராவது வாயைத் திறந்து சொல்லுங்களேன்!" என்று போட்டாள் ஒரு சத்தம். ரெஜினால்ட் திரும்பினான். பரீட்சை பாஸான முகம். "ஆடுதுக்கா" என்றான். அவ்வளவுதான் சொன்னான். அவள் மேசையைச் சுற்றிக்கொண்டு ஓடினாள், முழங்காலில் இழுப்பறை இடித்தது, வலி நாளைக்குத் தெரிந்துகொள்ளலாம். திரையில் படம் திரும்ப ஓடிக்கொண்டிருந்தது, கறுப்புக்குள் சாம்பல் நிறத்தில் ஒரு ஆப்பு மாதிரி அவளுடைய கண்மூலை. அந்த ஆப்பின் நுனியில், ஆடுகிற இடத்துக்கு மஞ்சள் என்று ரெஜினால்ட் நிறம் வைத்திருந்தானே, அந்த மஞ்சள், விட்டு விட்டு, விட்டு விட்டு, பூக்கிறது, அடங்குகிறது, பூக்கிறது. கீழே ஒரு கோட்டில் அவள் நாடித்துடிப்பு ஓடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு பூ. லாரி இப்படிப் பூக்காது. மூச்சு இப்படிப் பூக்காது. இது அவள்தான், உள்ளே இருக்கிற அவள், பிறந்ததிலிருந்து ஒரு நாளும் ஓயாமல் யாரும் பார்க்காத மூலையில் தண்ணீரை வடித்துக்கொண்டிருந்த அவள். சிரித்தாள், அழுதாள், இரண்டும் ஒன்றாக வந்தது. "சார், பாருங்க சார், பாருங்க" என்று அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சொன்னாள். "பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன் சுலைகா" என்றார் டாக்டர். "முப்பது வருஷமா இந்த மூலையில கத்தி வெச்சிருக்கேன். அது ஆடி நான் பார்த்ததில்லை."

ஆனால் மேல்பக்கம் நீலம். நீலம் என்றால் அசையவில்லை. அவளை மறுபடி உட்காரவைத்துச் சுற்றிவர எடுத்த படங்களை ரெஜினால்ட் ஒரு வளையமாக ஒட்டியபோது கீழேயும் மூக்குப் பக்கமும் மஞ்சளாகப் பூத்தன, மேலே கால்வாசி வளையம் அசையவே இல்லை. சிரிப்பு அப்படியே நின்றது. விறைத்துவிட்டதா, இப்போதேவா? அவள் முகத்தைப் பார்த்துவிட்டு டாக்டர், "ரெஜி, நீ உட்காரு" என்றார். ரெஜினால்ட் உட்கார்ந்தான், இந்தத் தடவை அசையாதே என்று சொல்கிற பாக்கியம் அவளுக்குக் கிடைத்தது, ஒன்றுக்கு மூன்று தடவை சொன்னாள். இருபதுகளைத் தாண்டாத, அழுத்தம் என்றால் என்னவென்றே தெரியாத கண் அவனுடையது. அதிலும் ஒரு நீலம் இருந்தது, காதுப் பக்கத்தில், அவளுடையதைவிடப் பெரிதாக. "நல்ல கண்ணும் சுத்திவர ஒரே மாதிரி வடியாது, அது தெரிஞ்ச விஷயம்தான்" என்றார் டாக்டர். "ஆளுக்கு ஆள் எங்கேங்கறதுதான் நமக்குத் தெரியாம இருந்துச்சு. உங்க கண்ணு நல்லா இருக்குன்னு இப்பவே பத்திரம் எழுதித் தர மாட்டேன், ஆனா இதை வெச்சுப் பயப்படவும் வேண்டாம்." ஆளுக்கு ஆள். அந்த இரண்டு வார்த்தையில் சுலைகா சிக்கிக்கொண்டாள். ஆளுக்கு ஆள் என்றால், மூக்குப் பக்கம் என்பது எல்லோருக்கும் வழி இல்லை. ஆளுக்கு ஆள் என்றால், வாப்பாவுக்கும் ஒரு வழி இருக்கலாம், அது வேறு எங்கோ இருக்கலாம், இல்லை ஒன்றுமே மிச்சம் இல்லாமலும் இருக்கலாம். நினைக்காதே. நினைத்தாள். நினைத்துக்கொண்டே கதவைத் திறந்து, "வாப்பா, வாங்க, உங்க முறை" என்றாள். நடைக்கூடத்தில் அவர் பக்கத்து ஆளிடம் நீலக்கல்லுக்கும் கண்ணாடிக்கும் வித்தியாசம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவர் நாற்காலியைத் தடவிப் பார்த்து உட்கார்ந்தார், மோவாயைத் தகட்டில் வைத்தார், பச்சைப் புள்ளி தெரிகிறதா என்று கேட்டதற்கு "நடுவுல வெச்சா தெரியும், ஓரத்துல வெச்சுட்டுக் கேட்காதே" என்றார். புள்ளியை மெல்ல மெல்ல நகர்த்தி, அவர் கண்ணும் அதைப் பின்தொடர்ந்து திரும்ப, சுலைகா திரைக்கு முன்னால் நின்றாள். மூக்குப் பக்கம் நீலம். சரி, எதிர்பார்த்ததுதான். மேலே நீலம். இதுவும் எதிர்பார்த்ததுதான், எதிர்பார்த்ததென்றால் வலிக்காது என்று யார் சொன்னது? கீழே, மூக்கை ஒட்டினாற்போல, நீலம், நீலம், மழைக்கு முன் கடல் மாதிரி ஒரு சுருக்கம்கூட இல்லாத நீலம். ரெஜினால்ட் உச் கொட்டவில்லை, அவன் கொட்டாததே பயமாக இருந்தது. "ஏம் புள்ள, சத்தத்தையே காணோம்? ஓடலையா?" என்றார் வாப்பா, உதடு அசையாமல் பேசுவதற்கு அதற்குள் பழகியிருந்தார். "ஓடுது வாப்பா, பேசாதீங்க." எது ஓடுகிறது, ஒன்றும் ஓடவில்லையே. இன்னும் ஒரு கால் வளையம்தான் பாக்கி, கீழே, காதுப் பக்கமாக. ரெஜினால்ட் புள்ளியை நகர்த்தினான். நீலம். இன்னும் கொஞ்சம். நீலம். இமைச்சுக்கோங்க வாப்பா. இப்ப இமைக்காதீங்க. அப்போது அந்த நீலத்தின் ஓரத்தில் ஏதோ ஒன்று, தூசியா, லாரியா, அவள் கண்ணிலேயே ஈரமா, மஞ்சளாக ஒரு பொட்டு. போய்விட்டது. மறுபடி வந்தது. போனது. வந்தது. அவள் மூச்சு விடவில்லை. கீழே ஓடிய நாடிக்கோட்டைப் பார்த்தாள், மேலே பார்த்தாள், கீழே, மேலே. துடிப்பு, பூ, துடிப்பு, பூ. சின்னதுதான், அவளுடையதில் பாதிகூட இல்லை, ஆனால் தப்பவே இல்லை, ஒரு துடிப்பைக்கூட விடவில்லை.

"கீழே, வெளிப்பக்கம்" என்றார் டாக்டர் கோமதிநாயகம், தனக்குத்தானே. "அங்கே நான் கை வெச்சதே இல்லை." எழுந்து நின்று, வலது கையைத் தூக்கி, காற்றில் மணிக்கட்டை ஒரு மாதிரி வளைத்துப் பார்த்தார், சரிப்படவில்லை, நோயாளியின் தலைமாட்டைச் சுற்றி மறுபக்கம் போய் நிற்பதுபோல இரண்டு எட்டு வைத்து மறுபடி வளைத்தார். "மூக்குப் பக்கமா நின்னு செய்யணும். கஷ்டம்தான். முடியாததில்லை." பிறகு அவளைப் பார்த்து, "பலிக்கும்னு சத்தியம் பண்ண மாட்டேன் சுலைகா. ஆனா இந்தத் தடவை கண்ணை மூடிக்கிட்டுத் திறக்கப் போறதில்லை" என்றார். அவள் தலையாட்டினாள். ரெஜினால்ட் நாற்காலியில் சாய்ந்து இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டிருந்தான்.

"எல்லாரும் பேசுறீங்க, எனக்கு யாரும் சொல்ல மாட்டேங்குறீங்க" என்றார் வாப்பா, மோவாயை எடுக்காமல், பச்சைப் புள்ளியை விடாமல். சுலைகா அவர் பக்கத்தில் போய் மண்டியிட்டாள். என்ன சொல்வது, ஊறுவதையும் வடிவதையும் வெளிச்சம் திரும்பி வருவதையும் எங்கிருந்து ஆரம்பிப்பது? அவருடைய வலது கை விரல்களை எடுத்து அவருடைய இடது மணிக்கட்டில் வைத்தாள். "நாடி தெரியுதா வாப்பா?"

"தெரியுது."

"அது அடிக்கிற ஒவ்வொரு தடவையும் உங்க கண்ணுக்குள்ள ஒரு இடம் ஆடுது. தண்ணி அது வழியா போய்க்கிட்டிருக்கு. அடைச்சுப்போச்சுன்னு நெனச்சோமே, ஒரு இடம் இன்னும் அடைக்கலை."

அவர் கல்லை எடை பார்க்கிற மாதிரி, மணிக்கட்டில் விரலை அழுத்தி, கவனமாக, தன்னுடைய துடிப்பையே கேட்டுக்கொண்டிருந்தார். விசிறி உறுமியது. திரையில் மஞ்சள் வந்து போனது.

"இப்பவுமா?" என்றார்.

"இப்பவும்தான் வாப்பா."